காற்றின் மேல் பழி போடாதீர்கள்

கார்களெல்லாம் ஏன் ஒரே சாயலில் இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்த எவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார். ‘காற்றுக்கு ஒரு வடிவம்தான் பிடிக்கும். காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தால் எந்த நிறுவனத்தின் காரும் கடைசியில் அந்த வடிவத்துக்குத்தான் வந்து சேரும். மிச்சமிருக்கும் வித்தியாசத்தைப் பாதுகாப்புச் சட்டங்கள் சீவிவிடும். சுறா மீன், டால்பின் பாலூட்டி. ஆனாலும் கடல் இரண்டுக்கும் ஒரே உடம்பைக் கொடுத்துவிட்டதல்லவா? அது போலத்தான்.’ கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். பௌதிகம் என்று வந்துவிட்ட பிறகு யாரோடு வாதாடுவது?

அறிவியல் வாசனை அடிக்கிற, யாரையும் புண்படுத்தாத பதில் இது. கார் நிறுவனங்களுக்கும் மிகவும் தோதானது. ஆனால் பெரும்பாலும் தவறானது. காற்றும் சட்டமும் எல்லைக்கோடு போடுகின்றன, அதை மறுப்பதற்கில்லை. அந்த எல்லைக்குள் மிச்சமிருக்கும் இடம் மிகப் பெரியது. அவ்வளவு இடம் இருந்தும் எல்லாரும் ஒரே மூலையில் போய் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அது மனிதர்கள் எடுத்த முடிவு. நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், வரி விதிக்கும் அமைச்சகத்தில், சந்தை ஆய்வு அறையில், கடைசியாக ஷோரூமில் முன்பணம் கட்டும் நம்முடைய கையில் எடுக்கப்பட்ட முடிவு.

முதலில் காற்றையே எடுத்துக்கொள்வோம். ஓடும் காரை எதிர்க்கும் காற்றின் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப்போல 16 மடங்கு தடை, 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும். 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு இது தப்ப முடியாத விதி. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டையும் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால் காற்றைக் காரணம் காட்டலாம். நாள் முழுக்க நெடுஞ்சாலையில் விரையும் ஜெர்மானிய செடானுக்கும் ஓரளவு பொருந்தும். ஆனால் மாலை நேரத்து அண்ணா சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும் காருக்கு? அங்கே எரிபொருளைத் தின்பது, ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடையை நிறுத்தி நிறுத்தி நகர்த்துகிற வேலையும் டயர்களின் உருளல் தடையும்தான். காற்று அந்த வேகத்தில் வாய் திறப்பதே இல்லை.

காற்றுக்கு உகந்த வடிவம் நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை. செப்பலின் ஆகாயக் கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்த பால் யாராய் 1920களிலேயே அதைக் காருக்குக் கொண்டுவரும் வழியை வரைந்துவிட்டார். அந்த வழியில் செக்கோஸ்லோவாகியாவின் டாட்ரா 77 வெளிவந்தது 1934இல். அதே ஆண்டு அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கிய ஏர்ஃப்ளோவைக் கொண்டுவந்தது. கணக்கில் எல்லாம் சரியாகவே இருந்தது. வாங்க வந்தவர்களுக்கு அந்த முகம் பிடிக்கவில்லை. 1937க்குப் பிறகு ஏர்ஃப்ளோ இல்லை. காற்றின் சொல்தான் கடைசிச் சொல் என்றால் அன்றைக்கே எல்லாக் கார்களும் அந்த வடிவத்துக்கு மாறியிருக்க வேண்டும். வாங்குபவர் முகம் சுளித்தால் காற்றின் சிபாரிசு எடுபடாது என்பதைத்தான் வரலாறு காட்டியது.

தொண்ணூறு ஆண்டுகள் தள்ளி இன்றைய சாலைக்கு வாருங்கள். நம்மைச் சுற்றி அதிகமாக ஓடுவது எது? எஸ்யூவி. இந்தியாவில் விற்கும் பயணியர் வாகனங்களில் பாதிக்கும் மேல் அந்த வகைதான். உலகக் கணக்கிலும் ஏறத்தாழப் பாதி. உயர்ந்த கூரை, நிமிர்ந்த மூக்கு, தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே அகன்ற இடைவெளி, செங்குத்தாக வெட்டிய பின்புறம். காற்றுத்தடை என்பது வடிவத்தின் வழவழப்பை மட்டும் பொறுத்ததில்லை. காற்றுக்கு எதிரே நிற்கும் முகப்பின் பரப்பையும் பொறுத்தது. உயரமும் அகலமும் கூடக்கூடத் தடையும் கூடும். காற்றுச் சுரங்கம் உண்மையிலேயே அதிகாரம் செலுத்தியிருந்தால் முதலில் ஒழிந்திருக்க வேண்டியது எஸ்யூவிதான். காற்று கழித்துக்கட்டியிருக்க வேண்டிய வண்டி சாலையை நிறைத்துக்கொண்டிருக்கும்போது, ‘காற்றால்தான் எல்லாம் ஒரே மாதிரி ஆயிற்று’ என்று எந்த முகத்தோடு சொல்வது?

இன்னொரு சான்று. காற்றுத்தடை எண் என்று ஒன்று உண்டு, குறைந்தால் நல்லது. 1982இல் வந்த ஆடி 100 செடான் 0.30 என்ற எண்ணைத் தொட்டபோது உலகமே வியந்தது. நீண்டு, வழவழவென்று, கண்ணாடிகள் உடலோடு ஒட்டிய கார் அது. 2021இல் ஹூண்டாய் கொண்டுவந்த அயோனிக் 5 கூர்மையான மடிப்புகளும் சதுர விளக்குகளும் கொண்டது. அந்த நிறுவனத்தின் முதல் சொந்தக் காரான 1975ஆம் ஆண்டு போனியை நினைவூட்டுவதற்காகவே அப்படி வரையப்பட்டது. அதன் காற்றுத்தடை எண் 0.288. இரண்டு கார்களின் எண்ணும் அருகருகே. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் உறவு சொல்ல முடியாது. அதோடு முடியவில்லை. அதே ஹூண்டாய், அதே மின்வாகன அடித்தளத்தின் மேல், அடுத்த ஆண்டே அயோனிக் 6ஐக் கட்டியது. அது வளைந்து வழுக்கிச் செல்லும் செடான், எண் 0.21. ஒரே நிறுவனம், ஒரே அடித்தளம், ஒரே காலம், இரண்டு உடம்பு. 2022இல் அயோனிக் 5 உலகின் சிறந்த கார் விருதைப் பெற்றது. 2023இல் அயோனிக் 6 பெற்றது. பௌதிகத்துக்கு ஒரே விடைதான் என்பவர்கள் இந்த இரண்டில் எது தவறான விடை என்று சொல்ல வேண்டும்.

மின்சாரச் செடான்களில் காற்றின் கை ஓங்கியிருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு தடவை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் ஓடும் என்பதே விற்பனையைத் தீர்மானிக்கும்போது, டெஸ்லாவும் பிஒய்டியும் மெர்சிடிஸும் ஏறத்தாழ ஒரே வில் வளைவை வரைவது புரிகிறது. ஆனால் அங்கேயும் நடந்ததைப் பாருங்கள். மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் 0.20 என்ற எண்ணோடு வந்தது. வழுக்கிய அந்த முகம் பென்ஸ் வாங்குகிறவர்களுக்கு உவக்கவில்லை. 2024இல் நிறுவனம் அதைத் திருத்தியபோது, போனட்டின் மேல் நிமிர்ந்து நிற்கும் பழைய நட்சத்திரத்தை மறுபடியும் நட்டது. அந்த நட்சத்திரத்தைக் காற்று கேட்கவில்லை.

அடுத்தது சட்டம். ‘பாதுகாப்பு விதிகள் வடிவமைப்பாளரின் கையைக் கட்டிவிட்டன’ என்ற புலம்பலைச் சொல்பவர்கள், அதே மூச்சில் 1950களின் அமெரிக்கக் கார்களைப் பார்த்து ஏங்குவார்கள். வால் சிறகு முளைத்த கேடிலாக் என்ன, கார்வெட் என்ன! சரி, அந்தக் காலத்து அமெரிக்க விளக்கு விதி என்னவென்று பார்ப்போமா? 1940 முதல் அங்கே காரின் முன்விளக்கு என்றால் 7 அங்குல வட்டமான சீல்டு பீம் விளக்கு ஒன்றுதான். செவர்லேயானாலும் லிங்கனானாலும் வெளிநாட்டிலிருந்து இறங்கும் ஃபோக்ஸ்வாகனானாலும் அதையேதான் மாட்ட வேண்டும். 1950களின் கடைசியில் நான்கு சிறு வட்டங்களுக்கு அனுமதி கிடைத்தது. செவ்வக விளக்கு வர 1970களின் நடுப்பகுதி ஆயிற்று. நிறுவனம் தன் விருப்பப்படி விளக்கை வடிவமைத்துக்கொள்ள 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரின் கண் என்று சொல்லத்தக்க உறுப்பையே சட்டம் அச்சடித்துக் கொடுத்த காலத்தில்தான் நீங்கள் ஏங்கும் அத்தனை முகங்களும் பிறந்தன. இன்று விளக்கை எப்படி வேண்டுமானாலும் வரையலாம். விளைவு என்ன? மேலே மெல்லிய கோடாக ஒரு பகல்விளக்கு, கீழே பம்பருக்குள் ஒளிந்த பெரிய விளக்கு என்று கடைக்குக் கடை ஒரே முகம்.

ஜப்பானின் கெய் கார்களைப் பாருங்கள். அங்கே சட்டம் ஒரு பெட்டியையே வரைந்து கொடுத்துவிட்டது: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், எஞ்சின் 660 சிசி. இதைவிட இறுக்கமான கட்டு கிடையாது. அந்தக் கட்டுக்குள்தான் அலமாரி போன்ற ஹோண்டா என்-பாக்ஸும், இரண்டே பேர் அமரும் ஹோண்டா எஸ்660உம், கூரையை மடித்து டிக்கிக்குள் வைக்கும் டைஹாட்ஸு கோப்பெனும், மலையேறும் சுஸுகி ஜிம்னியும் பிறந்தன. விதி இறுக்கமாக இருந்தால் வடிவங்கள் சுருங்கித்தான் ஆக வேண்டும் என்பது உண்மையில்லை.

பாதசாரிகளின் பாதுகாப்பையும் சாட்சிக்கு இழுப்பார்கள். போனட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்ற ஐரோப்பிய விதியால் மூக்கு உயர்ந்தது உண்மை. அது சில சென்டிமீட்டர் கணக்கு. இன்றைய எஸ்யூவியின் சுவர் போன்ற முகத்தை அந்த விதி கேட்கவில்லை. விதியின் நோக்கத்துக்கே அந்த முகம் எதிரானது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, போனட்டின் உயரம் 40 அங்குலத்தைத் தாண்டிய வண்டி மோதினால் நடந்துபோகிறவர் சாகும் வாய்ப்பு, 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமுள்ள சரிந்த மூக்கு வண்டியைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்றது. பாதசாரிக்காக வரைந்த முகம் அவரையே கொல்லும் முகமாக இருக்க முடியாதே.

‘எல்லாம் காப்பிதான்’ என்கிறவர்களும் உண்டு. அப்பட்டமான காப்பிகள் உண்டுதான். சீனாவின் லேண்ட்விண்ட் எக்ஸ்7, ரேஞ்ச் ரோவர் இவோக்கை அப்படியே உரித்து வைத்திருந்தது. 2019இல் பெய்ஜிங் நீதிமன்றம் ஜாகுவார் லேண்ட் ரோவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அது விதிவிலக்கு. ஒரு காரை வரைந்து விற்பனைக்குக் கொண்டுவர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். வெளி வடிவம் அதற்கு வெகுமுன்பே உறுதியாகிவிடும். ஒரே ஆண்டில் வெளிவரும் இரண்டு கார்கள் ஒன்றையொன்று பார்த்து எழுத முடியாது. இரண்டுக்கும் ஒரே கேள்வித்தாள் கொடுக்கப்பட்டது என்பதுதான் விஷயம்.

காற்றும் சட்டமும் அறவே தொடாத இடங்களுக்குப் போவோம். இங்கேதான் எதிர்வாதம் முழுதாகச் சரிகிறது. காரின் நிறத்துக்கும் காற்றுக்கும் என்ன தொடர்பு? ஒன்றுமில்லை. சிவப்புக் காரை எந்தப் பாதுகாப்பு விதி தடுக்கிறது? எதுவுமில்லை. ஆனால் உலகில் விற்கும் புதுக் கார்களில் நான்கில் மூன்றுக்கும் மேற்பட்டவை வெள்ளை, கறுப்பு, சாம்பல், வெள்ளி என்ற நான்கு நிறங்களுக்குள் அடங்குகின்றன. பின்பக்கத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை இழுத்த சிவப்பு விளக்குப் பட்டையை யார் கட்டாயப்படுத்தினார்கள்? கூரை மிதப்பதுபோல் காட்டப் பின்தூணில் ஒட்டும் கறுப்பு வண்ணம் யார் விதித்தது? காட்டுப் பக்கமே போகாத காரின் சக்கர வளைவுகளில் கறுப்புப் பிளாஸ்டிக் எதற்கு? எஞ்சினே இல்லாத மின்சாரக் காரின் மூக்கில் ஓட்டையில்லாத கிரில் யாருக்காக? பௌதிகம் வாய் திறக்காத இடத்தில்தான் ஒற்றுமை உச்சத்தில் இருக்கிறது. காரணம் பௌதிகமாக இருந்தால் நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? காற்று தொடாத இடத்தில் வித்தியாசங்கள் பூத்துக் குலுங்கியிருக்க வேண்டாமா?

‘அந்தக் காலத்தில் ஒவ்வொரு காரும் தனி’ என்ற ஏக்கத்துக்கும் இங்கேயே ஒரு பதில். நம் ஊரில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மூன்றும் முற்றிலும் வேறாகத்தான் இருந்தன. மூன்று கம்பெனிகள் மூன்று அந்நிய நிறுவனங்களிடம் ஆளுக்கொரு மாடலை வாங்கி வந்ததால் கிடைத்த வித்தியாசம் அது. நம் வடிவமைப்பாளரின் சாதனை இல்லை. அதே காலத்து ஐரோப்பாவில் என்ன நடந்தது? இத்தாலியின் பினின்ஃபரினா பட்டறை 1959இல் பிரிட்டனுக்கு ஆஸ்டின் கேம்பிரிட்ஜை வரைந்து கொடுத்தது. 1960இல் பெஷோவுக்கு 404ஐ. இரண்டு நாட்டு இரண்டு நிறுவனங்களுக்கும் அதே நேர்க்கோட்டு இடுப்பு, அதே வால் துடுப்பு. அன்றைக்கே பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள். இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் 1959ஆம் ஆண்டு வாரிசு, ஆஸ்டினோடு அந்த உடம்பையே பகிர்ந்துகொண்டது. இங்கே நாம் பழைய உடம்பையே கட்டிக்கொண்டிருந்ததால் அந்த ஒற்றுமையிலிருந்து தப்பித்தோம். பழைய கார் கண்காட்சியில் நிற்பவை யாரோ ஆசைப்பட்டுக் காப்பாற்றியவை. ஒன்றுபோல் இருந்த ஆயிரக்கணக்கானவை உருக்காலைக்குப் போய்விட்டன. மிஞ்சியதை வைத்து மொத்தத்தை எடைபோடக் கூடாது.

அப்படியானால் ஒற்றுமைக்கு யார் காரணம்? முதல் ஆள் கணக்குப் பிரிவு. ஒரு புதுக் கார்த் திட்டத்துக்கு ஆயிரம் கோடிகளில் செலவாகும். அதில் பெரும்பங்கு விழுங்குவது அடித்தளமும், இரும்புத் தகட்டை அழுத்தி உடம்பாக்கும் அச்சுகளும், மோதல் சோதனைகளும். ஒரே அடித்தளத்தை நான்கு பெயர்களில் விற்றால் செலவு பகிர்ந்துபோகும். கண்ணாடி எங்கே தொடங்க வேண்டும், ஓட்டுபவரின் இடுப்பு எந்த உயரத்தில் இருக்க வேண்டும், சக்கரத்துக்கும் கதவுக்கும் எவ்வளவு தூரம் என்ற புள்ளிகளை அடித்தளத்தோடு சேர்த்தே முடிவுசெய்துவிடுவார்கள். இத்துறையில் அவற்றுக்கு ஹார்டு பாயின்ட் என்று பெயர். வடிவமைப்பாளரின் மேசைக்குக் கார் வருவதற்கு முன்பே விகிதம் முடிந்துபோயிருக்கும். பிளாஸ்டிக் பம்பர், கிரில், விளக்கு ஆகியவைதான் மலிவாக மாற்றக்கூடியவை. எனவே அவற்றை மாற்றிவிட்டுப் புதுக் கார் என்பார்கள்.

ஒரகடத்தில் இதைக் கண்ணெதிரே காட்டினார்கள். 2010இல் திறந்த ரெனோ-நிஸான் ஆலையிலிருந்து நிஸான் மைக்ரா வந்தது. பின்னாலேயே ரெனோ பல்ஸ். நிஸான் சன்னி வந்தது. பின்னாலேயே ரெனோ ஸ்காலா. ரெனோ டஸ்டர் வந்தது. பின்னாலேயே நிஸான் டெரானோ. மூன்று உடம்பு, ஆறு பெயர். மைக்ராவும் பல்ஸும் ஒன்றுபோல் இருந்ததற்குக் காற்றா காரணம்? அந்த இரண்டு நிறுவனங்களே பிற்பாடு அதே ஆலையில், ஒரே அடித்தளத்தின் மேல், மேக்னைட்டையும் கைகரையும் கட்டின. இவை இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. செய்ய முடியாததால் செய்யாமல் இருந்தார்கள் என்று இனி சொல்ல முடியாது. மாருதி பலேனோ டொயோட்டா கிளான்ஸாவாக மாறி நிற்பதும் இதே சிக்கனம்தான். இது பழைய பழக்கமும்கூட. 1983இல் அமெரிக்காவின் ஃபார்ச்சூன் இதழ், ஜெனரல் மோட்டார்ஸின் நான்கு பெயர்களில் விற்ற நான்கு கார்களை வரிசையாக நிறுத்தி அட்டையிலேயே போட்டது. எது எதுவென்று சொல்ல முடியாததுதான் அந்தப் படத்தின் செய்தி.

அடித்தளம் ஒன்றானால் உருவமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று இங்கே ஒரு புதுப் பௌதிகத்தைக் கொண்டுவர வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் 2012இல் அறிமுகப்படுத்திய எம்க்யூபி அடித்தளத்தில் அசையாமல் இருக்கும் அளவு, முன் அச்சிலிருந்து பெடல்வரை உள்ள தூரம்தான். மற்றவற்றை நீட்டலாம், குறுக்கலாம். செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் பொறியியல் வடிவம் பெற்ற பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டும் ஒரே இங்க்ளோ அடித்தளத்தில் நிற்பவை. ஒன்று கூர்கூராக வெட்டிய காகிதப் பறவை, மற்றது சரிந்த கூரையுள்ள பெரிய கூபே.

இரண்டாவது ஆள் வரி. இந்தியக் காரின் வடிவத்தை அதிகம் தீர்மானித்தவர் யார் என்று கேட்டால் நான் எந்த வடிவமைப்பாளரின் பெயரையும் சொல்ல மாட்டேன், ப. சிதம்பரத்தின் பெயரைச் சொல்வேன். 2006ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அவர் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் 4 மீட்டர் நீளத்துக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் எஞ்சின் 1500 சிசிக்குள். அன்றிலிருந்து கார்களின் வால் அறுபடத் தொடங்கியது. 2008இல் டாடா, இண்டிகோவை வெட்டி சிஎஸ் என்று கொண்டுவந்தது. அதே ஆண்டு 4160 மில்லிமீட்டரில் பிறந்த மாருதி டிசையர், 2012இல் 3995 மில்லிமீட்டரானது. இன்று டிசையர், ஆரா, பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட், நெக்ஸான், கைலாக் என்று எதன் நீளத்தைக் கேட்டாலும் சொல்லிவைத்தாற்போல் 3995. ஆள் உட்கார இடம் குறைக்க முடியாது, நீளம் கூட்ட முடியாது. மூக்கைத் தட்டையாக்கி, பின்புறத்தை நறுக்கி, உயரத்தை ஏற்றுவதுதான் ஒரே வழி. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியைத் திருத்தியபோது கோடு இன்னும் ஆழமானது: அந்த அளவுக்குள் இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. காற்றுச் சுரங்கம் இப்படி ஒரு மில்லிமீட்டர் ஒழுக்கத்தை எந்தக் காலத்திலும் சாதித்ததில்லை.

மூன்றாவது ஆள் சந்தை ஆய்வு. வெளிவராத மாடலை ஒரு கூடத்தில் வைத்து, பெயரை மறைத்து, வாங்கக்கூடியவர்களை அழைத்து மதிப்பெண் போடச் சொல்வார்கள். ‘கிளினிக்’ என்பது அதன் பெயர். ஒரு காருக்கு எல்லாரும் ஐந்துக்கு மூன்று போடுகிறார்கள். இன்னொன்றுக்குப் பாதிப் பேர் ஐந்து, பாதிப் பேர் ஒன்று. சராசரி இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் அறிக்கையைப் படிக்கும் மேலாளரின் கண் அந்த ஒன்றுகளின் மேல்தான் நிற்கும். யாருக்கும் பிடிக்காமல் போகாத கார் தேர்வாகிவிடும்; யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காத காரும் அதுதான். மூன்று போட்டவர் தள்ளுபடி கொடுத்தால்தான் வாங்குவார். ஐந்து போட்டவர் முன்பணத்தோடு நிற்பார் என்ற எளிய கணக்கை மறந்துவிடுவார்கள். 1982இல் ஃபோர்டு சியர்ராவைப் பார்த்து பிரிட்டன் ஜெல்லி அச்சு என்று கேலி செய்தது. பதினோரு ஆண்டுகளில் அந்த ஜெல்லி அச்சு 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. முதல் பார்வையில் சுளித்த முகம் கடைசிவரை சுளித்தபடி இருப்பதில்லை.

‘மக்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம்’ என்று நிறுவனங்கள் இங்கே குறுக்கிடும். பாதி உண்மை. கார் வாங்கும் நாளிலேயே அதை விற்கும் நாளை நினைத்து வெள்ளை நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாம்தான். ‘ரீசேல் போகுமா’ என்ற கேள்விக்கு நம் வீடுகளில் இருக்கும் மரியாதை, ‘பிடித்திருக்கிறதா’ என்ற கேள்விக்குக் கிடையாது. அந்தப் பங்கை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கடையில் இருப்பதிலிருந்துதானே வாங்க முடியும்? வித்தியாசமான ஒன்றை வைத்தபோது என்ன ஆயிற்று என்பதற்கு 2020இல் வந்த மஹிந்திரா தார் இருக்கிறது. பழைய ஜீப்பின் வம்சம். காற்றுக்கு நெஞ்சைக் காட்டி நிற்கும் பெட்டி. மோதல் சோதனையில் குளோபல் என்கேப் அமைப்பிடம் நான்கு நட்சத்திரம் வாங்கியது. மக்கள் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். காற்றுத்தடை, பாதுகாப்பு, சந்தை என்ற மூன்று சாக்குகளுக்கும் ஒரே வண்டியில் பதில்.

இது வெறும் அழகுப் பிரச்சினை, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். பௌதிகம் என்று சொன்னவுடன் பொறுப்பு என்ற பேச்சே நின்றுபோகிறது என்பதுதான் என் கோபம். உயர்ந்து கனத்த வண்டிகள் தெருவை நெருக்குவதும், அவற்றின் முகம் நடந்துபோகிறவரின் நெஞ்சளவுக்கு ஏறுவதும், ஒரே காருக்கு வேறு சின்னம் ஒட்டி வேறு விலை வைப்பதும் இயற்கையின் விதிகளாக நமக்கு விற்கப்படுகின்றன. அவற்றை மாற்ற முடியும். பிரான்ஸ் 2022 முதல் 1800 கிலோவைத் தாண்டிய புதுக் கார்களுக்கு எடைக்கேற்ற கூடுதல் வரியைக் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் பாரிஸ் மக்கள், வெளியூர்க் கனத்த வண்டிகளின் நிறுத்தக் கட்டணத்தை மூன்று மடங்காக்க ஒப்புதல் தந்தார்கள். வரிக்கோட்டை நீளத்தின் மேல் போட்டால் வாலறுந்த உயரப் பெட்டிகள் கிடைக்கும். எடையின் மேலும் எரிபொருள் செலவின் மேலும் போட்டால் வேறு உடம்புகள் கிடைக்கும். கோட்டை எங்கே போடுவது என்பது நாடாளுமன்றத்தில் பேச வேண்டிய விஷயம்.

இனி யாராவது சுறாவையும் டால்பினையும் காட்டினால், அந்த இரண்டுக்கும் வரிச்சலுகை அறிவித்த அமைச்சர் யார், கிளினிக் நடத்திய மேலாளர் யார் என்று கேளுங்கள். காற்றிடம் மனுக்கொடுக்க முடியாது. அமைச்சகத்திடம் கொடுக்கலாம். ஒரே உடம்பை இரண்டு பெயரில் விற்கும் நிறுவனத்திடம், எந்தப் பெயருக்காக இந்தக் கூடுதல் விலை என்று ஷோரூமிலேயே கேட்கலாம். அடுத்த காரை வாங்கும்போது, ஐந்து வருடம் கழித்து வரப்போகும் யாரோ ஒருவரின் ரசனைக்காக இல்லாமல், நம் கண்ணுக்குப் பிடித்த நிறத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லலாம்.